தலைகீழா வை, மக்களே

நம்ம ஊர்க்காரர்களுக்கும், பிழைப்புக்காக வளைகுடாவிலும் சென்னையிலும் இருக்கிற நம்ம பிள்ளைகளுக்கும்,

அப்பா நேற்று மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். படியேறும்போது கையைப் பிடிக்க விடவில்லை. கஞ்சியும் பயறும் கேட்டு வாங்கிக் குடித்தார். இப்போது உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். அந்தக் குறட்டைக்காக இருபது வருஷமாக அவரோடு சண்டை போட்டவள் நான். இன்றைக்குக் கதவைத் திறந்து வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அப்பா ஆப்பரேட்டராகப் படம் ஓட்டிய நம்ம தியேட்டரை இடித்த வாரத்தில் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுக்க வரிசையில் நின்ற பையன்கள், ராத்திரி ரெண்டு மணிக்கு ஆட்டோவை எடுத்த அண்ணன், கோயில் கமிட்டியும் சர்ச் பிள்ளைகளும் தனித்தனியாக வசூலித்து ஒரே கவரில் போட்டுத் தந்த பணம், முகம் சுளிக்காத வார்டு சிஸ்டர்கள், தினமும் பிளாஸ்கில் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்த பக்கத்து வீட்டு அக்கா. இத்தனை பேரையும் ஒரே வரியில் அடைப்பது நியாயமில்லைதான். ஒவ்வொரு வீடாக வருவேன், திட்டிக்கொள்ளுங்கள்.

இங்கே நான் சொல்ல வந்தது ஆக்கர் கடைக்காரர், அதாவது பழைய இரும்பு வாங்குகிற ஒருவரைப் பற்றி. அவர் நம்ம ஊர்க்காரர் இல்லை, திருநெல்வேலிப் பக்கம். நம்ம தியேட்டரில் அவர் ஒரு படம்கூடப் பார்த்தது கிடையாது. உள்ளே இருந்த இரும்பு நாற்காலி, கூம்பு ஸ்பீக்கர், ரெண்டு புரொஜெக்டர் எல்லாவற்றையும் எடைபோட்டு வாங்கிக்கொண்டு போனவர் அவர்தான். உண்மையைச் சொன்னால், அந்த லாரி கிளம்பியபோது அவரை மனசுக்குள் சபித்தேன்.

நாலாவது நாள் சாயங்காலம், நல்ல மழை. டிவிஎஸ் 50-யை வெளியே நிறுத்திவிட்டு, சொட்டச் சொட்ட வார்டுக்குள் வந்தார். கையில் ஒரு பழைய பிஸ்கட் டின். "ஆப்பரேட்டர் ஐயா கட்டில் இதுதானா அக்கா?" என்றார்.

டின்னுக்குள் சிலைடுகள். ஒவ்வொன்றும் பத்திரிகைத் தாளில் தனித்தனியாகச் சுற்றியிருந்தது. மொத்தம் 39.

சின்னப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். சிலைடு என்றால் உள்ளங்கை அளவுக் கண்ணாடி. விளக்குச் சிம்னிப் புகையைக் காட்டிக் கரி பிடிக்க வைத்து, ஊசியால் கீறி எழுதுவார் அப்பா. மேலே இன்னொரு கண்ணாடியை வைத்து ஓரத்தில் தாள் ஒட்டிவிட்டால், திரையில் கறுப்பில் வெள்ளை எழுத்தாக விழும். 'இடைவேளை', 'புகை பிடிக்காதீர்கள்', நகைக்கடை விளம்பரம் எல்லாம் இதுதான். ஒரே படப்பெட்டியை ரெண்டு தியேட்டரில் ஓட்டிய காலம் உண்டு. 2,000 அடி ரீல் ஓடி முடிய ஏறக்குறைய 22 நிமிஷம். அதற்குள் அடுத்த ரீல் சைக்கிளில் வந்து சேராவிட்டால், 'சற்றுப் பொறுத்திருக்கவும்' சிலைடுதான் விசில் சத்தத்துக்கு முன்னால் தனியாக நிற்கும்.

பாதிச் சிலைடுகளில் தமிழும் மலையாளமும் சேர்ந்தே இருக்கும். 1956 நவம்பர் 1-இல் நம்ம கன்னியாகுமரி ஜில்லா தமிழ்நாட்டோடு சேருமுன்னே பள்ளிக்கூடம் போனவர்களில் பலபேருக்கு மலையாள எழுத்துதான் பழக்கம். அவர்களை விட்டுவிடக் கூடாது என்று அப்பா ரெண்டையும் கீறுவார்.

எனக்கு ரொம்பப் பிடித்தவை ஆள் கூப்பிடும் சிலைடுகள். போன் இல்லாத ஊரில், படம் பார்க்க வந்தவரை வேறெப்படிக் கூப்பிட? இன்ன வீட்டுக்காரர் உடனே வெளியே வரவும், மாடு கன்று போடுகிறது. அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிக்கொட்டை ஆலையில், சனிக்கிழமை சம்பளம் வாங்கி வந்த பெண்கள் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களில் யாரையாவது தேடிப் பிள்ளை அழுதுகொண்டு வாசலில் நிற்கும். இந்தச் சிலைடுகளை மறுநாள் துடைத்துவிட்டு வேறு எழுதுவது வழக்கம். ஒன்றை மட்டும் அப்பா பெயிண்டிலேயே எழுதி வைத்திருந்தார்: 'வயித்தாட்டி வெளியே வரவும்.' பிரசவம் பார்க்கிற அந்தப் பாட்டிக்கு அவ்வளவு சினிமாப் பைத்தியம். நான் பிறந்த ராத்திரியும் அந்தச் சிலைடு விழுந்ததா என்று அப்பாவிடம் கேட்டேன். "எத்தன பேருக்குப் போட்டதோ, யாரு கண்டா" என்றுவிட்டார். சரி, விழுந்ததாகவே நான் வைத்துக்கொள்கிறேன்.

வார்டுக்கு வருகிறேன். நாலு நாளாக அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. கண் திறந்திருக்கும், ஆனால் யாரையும் பார்க்காது. கடைக்காரர் ஒரு சிலைடை எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அப்பாவின் கண் மெதுவாக அதில் போய் நின்றது. உதடு அசைந்தது. நான் குனிந்து காதைக் கொடுத்தேன்.

"தலைகீழா வை, மக்களே."

பிள்ளையை 'மக்களே' என்றுதான் நம்ம ஊரில் கூப்பிடுவோம். ஆனால் அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை. அவருக்கு நினைவு தப்பிவிட்டது என்று பயந்தே போனேன். பிறகுதான் உறைத்தது. மெஷினில் சிலைடைத் தலைகீழாகச் செருகினால்தானே திரையில் நேராகத் தெரியும்! கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் திருப்பிப் பிடித்தார். அப்பா தலையை ஆட்டினார், சரி என்கிற மாதிரி. அப்புறம் தண்ணீர் கேட்டார்.

நான் கொடுத்த பணத்தை அவர் வாங்கவில்லை. "பழைய கண்ணாடிக்கு என்னக்கா வெலை" என்றார். பிறகு ஏன் இத்தனையையும் தாளில் சுற்றி, மழையில் கொண்டுவர வேண்டும்? நான் விடாமல் கேட்டதற்குக் கூச்சத்தோடு சொன்னார்: "கையால எழுதியிருந்துது. கையால எழுதுனத உடைக்க மனசு வரல."

நம்ம தியேட்டரைப் பற்றி உருகி உருகிப் பேசியவர்கள் நாம். படப்பெட்டி வருவது நின்ற பிறகு அது இத்தனை வருஷம் பூட்டிக் கிடந்தது, ஒருத்தராவது அந்த மாடியறையை எட்டிப் பார்த்தோமா? நானும்தான் பார்க்கவில்லை. பெட்டி பெட்டியாகச் சிலைடு இருந்த அறை அது. மிஞ்சிய 39-ஐயும் காப்பாற்றித் தந்தது, நான் சபித்த ஆள்.

அண்ணே, உங்களுக்கு இதை யாராவது வாசித்துக் காட்டுவார்கள் என்று நினைக்கிறேன். அந்தச் சாபத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

இனி இந்தக் கண்ணாடிகளை விற்கவும் மாட்டேன், பரணில் போடவும் மாட்டேன். ஆசாரியிடம் சொல்லி, பின்னால் விளக்கெரிகிற மாதிரி ஒரு பலகை செய்யப்போகிறேன். துடைக்காமல் தப்பிய ஒன்பது சிலைடுகளில் வீட்டுப்பேர் இருக்கிறது. உங்கள் தாத்தாவையோ பாட்டியையோ என்றைக்கோ வெளியே கூப்பிட்ட சிலைடாக இருக்கலாம், வந்து பாருங்கள். அப்பா சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் திண்ணையில் இருப்பார். ஓரத்தைப் பிடித்து எடுங்கள். நடுவில் விரல் பட்டால் சத்தம் போடுவார், இப்போது அதற்கும் தெம்பு வந்துவிட்டது.