இரண்டாம் பகுதியை வெளியிடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். ‘வேலைக்குப் போகும் ஆண்களுக்குச் சில கேள்விகள்’ என்ற என் நையாண்டிக் கட்டுரை உங்கள் இதழில் பாதியில் நின்றுபோன கதை உங்களுக்குத் தெரியும். முதல் பகுதி வந்தது, கண்டனக் கடிதங்கள் வந்தன. அடுத்த இதழில் இரண்டாம் பகுதி வரவேண்டிய இடத்தில், ‘ஆண் வாசகர்களின் மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறோம்’ என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். அந்த இரண்டாம் பகுதியை வெளியிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கட்டுரையில் இருந்த கேள்விகளில் ஒன்றுகூட என் கற்பனை இல்லை. ‘நீங்கள் வேலைக்குப் போய்விட்டால் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்?’ ‘இரவு வீடு திரும்ப நேரமானால் வீட்டில் ஒன்றும் சொல்ல மாட்டார்களா?’ ‘பதவி உயர்வு திறமைக்குக் கிடைத்ததா, சிரித்துப் பேசியதற்குக் கிடைத்ததா?’ எல்லாம் பெண்களிடம் நேர்காணலிலும் விருந்திலும் மேடையிலும் கேட்கப்பட்டவை. ஆளை மட்டும்தான் மாற்றினேன். ஆறாவது கேள்வி உங்கள் இதழிலேயே வந்தது. ஒரு பெண் மருத்துவரிடம், ‘அறுவை சிகிச்சை முடித்துவிட்டுப் போய்ச் சமைக்கவும் செய்வீர்களா?’ என்று உங்கள் நிருபர் கேட்டிருந்தார். அதை அச்சிட்டபோது யாருடைய மனம் புண்பட்டிருக்கும் என்று நீங்கள் யோசிக்கவில்லை. அதே கேள்வியை ஓர் ஆணிடம் கேட்டதும் வருத்தம் தெரிவிக்கிறீர்கள். எனக்கு மிகவும் வலித்தது இதுதான். அந்தக் கட்டத்துக்கு நேர் கீழே, மனைவியின் வாய்க்குப் பயந்து அலுவலகத்திலேயே படுத்துக்கொள்ளும் கணவனைப் பற்றிய துணுக்கு ஒன்றும் இருந்தது.

தொலைபேசியில் பேசிய துணையாசிரியர் மரியாதையாகவே பேசினார். கடைசியில் ‘இது வெறும் நையாண்டியே, யாரையும் குறிப்பிடுவதல்ல’ என்று ஒரு வரி சேர்த்தால் மறுபரிசீலனை செய்யலாம் என்றார். அந்த வரியை நான் சேர்க்க மாட்டேன். முதல் கேள்வியைப் படித்ததும் வாசகருக்குச் சிரிப்பு வரும், இரண்டாவதிலும் வரும். மூன்றாவதைப் படிக்கும்போது, இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றும். போன வாரம் தன் சக ஊழியரிடம் தானே கேட்டது நினைவுக்கு வரும். அந்த ஒரு நொடிக்காகத்தான் முழுப் பக்கமும் எழுதப்பட்டது. ‘வெறும் நையாண்டியே’ என்று முடித்தால் அந்த நொடியை அவரிடமிருந்து நாமே பிடுங்கிவிடுகிறோம்.

இந்த வழியை நான் கண்டுபிடிக்கவில்லை. 1972-இல் மார்ட்டின் ராக்லின் என்ற அமெரிக்க உளவியலாளர், தன்பாலினரிடம் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகளை எதிர்பாலின ஈர்ப்பு உள்ளவர்களிடம் திருப்பினார். உங்களுக்கு இந்த ஈர்ப்பு எதனால் வந்தது, இது கடந்துபோகும் பருவமாக இருக்குமோ என்று கேட்டார். நமக்கு இன்னும் பழைய முன்னோடி இருக்கிறார். புறநானூற்றின் 95-ஆம் பாட்டில் ஔவையார் தொண்டைமானின் படைக்கலங்களைப் புகழ்கிறார். மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டு, காவல் மிக்க மாளிகையில் இருக்கின்றன. எங்கள் அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் கொட்டிலில் கிடக்கின்றன என்கிறார். போரையே அறியாத ஆயுதங்கள் இவை என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. தொண்டைமானுக்குப் புரியட்டும் என்று விட்டுவிட்டார்.

நையாண்டியை நேராகவே எடுத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்களே என்று நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. 1971-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய ஒரு தொடரில் ஆர்ச்சி பங்கர் என்ற பாத்திரம் இனவெறுப்பைக் கேலி செய்வதற்காகவே படைக்கப்பட்டது. 1974-இல் நீல் விட்மர், மில்டன் ரோக்கீச் இருவரும் வெளியிட்ட ஆய்வில், முன்முடிவு மிகுந்த பார்வையாளர்கள் அவரைப் பார்த்து வெட்கப்படுவதற்குப் பதில், அவர் பேச்சில்தான் நியாயம் இருப்பதாக எண்ணியது தெரியவந்தது. இந்த ஆபத்து எனக்குத் தெரியும். அதனால்தான் என் பக்கத்தில், பெண்களை மட்டம் தட்டிப் பேசிக் கைதட்டல் வாங்கும் ஆள் யாரும் கிடையாது. பதில் சொல்லவேண்டிய நாற்காலியில் ஆணை உட்கார வைத்தேன், அவ்வளவுதான்.

கண்டனம் எழுதியவர்களுக்குப் புரியவில்லை என்றும் நான் நினைக்கவில்லை. 1702-இல் ஆங்கில எழுத்தாளர் டானியல் டீஃபோ, இங்கிலாந்துத் திருச்சபையை ஏற்காத மாற்றுச் சமயப் பிரிவினரை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று அத்திருச்சபைத் தீவிரவாதிகளின் குரலிலேயே ஒரு சிறுநூல் எழுதினார். அந்தத் தீவிரவாதிகளில் சிலர் முதலில் பாராட்டினார்கள். தங்களைத்தான் கேலி செய்திருக்கிறார் என்று தெரிந்ததும் கொதித்தார்கள். அடுத்த ஆண்டு அரசு அவரைப் பொது இடத்தில் தண்டனைக் கட்டையில் நிறுத்தியது. புரியாதவர்களின் கோபமும் புரிந்துகொண்டவர்களின் கோபமும் வேறுவேறு. உங்களுக்கு வந்த கடிதங்களை அந்தக் கண்ணோடு மறுபடி படித்துப் பாருங்கள்.

இதை என் ஒரு பக்கத்தோடு நிறுத்தவும் முடியவில்லை. கறுப்பாக இருப்பவர், பருமனாக இருப்பவர், திக்கிப் பேசுபவர், கிராமத்துப் பேச்சு மாறாதவர் என்று எத்தனை பேரை வைத்து நகைச்சுவைப் பக்கங்கள் ஓடுகின்றன. அவர்கள் வருந்தினால், ‘நகைச்சுவையை நகைச்சுவையாகப் பாருங்கள்’ என்று அறிவுரை சொல்கிறோம். அடி வாங்குகிறவர் இளைத்தவராக இருந்தால் அது நகைச்சுவை, அடிக்கும் கையையே காட்டினால் மட்டும் புண்படுத்தலா? பொதுப்புத்தியைத் தடவிக்கொடுக்கும் துணுக்குக்கு ஒரு வரி விளக்கம்கூட நீங்கள் கேட்பதில்லை. அதைக் கேள்வி கேட்கும் எழுத்துக்கு மட்டும் கேட்கிறீர்கள். எத்தனையோ புதியவர்களுக்கு முதல் மேடை கொடுத்த இதழ் இப்படிச் செய்வதை ஏற்க முடியவில்லை.

கோபத்தில் வார்த்தை சற்று நீண்டுவிட்டது, பொறுத்தருளுங்கள். கேட்பது பெரிய காரியமில்லை. இரண்டாம் பகுதியை, கடைசி வரி எதுவும் சேர்க்காமல், முதல் பகுதி வந்த அதே பக்கத்தில் வெளியிடுங்கள். கண்டனக் கடிதங்களையும் பக்கத்திலேயே போடுங்கள். எனக்கு மறுப்பில்லை, வாசகர்கள் இரண்டையும் படிக்கட்டும். முடியாது என்றால் காரணத்தை இதழிலேயே எழுதுங்கள். அடுத்த இதழ் அச்சுக்குப் போகும் முன் ஒரு முடிவு சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி, அந்தக் கட்டுரையை எழுதியவள்