பச்சை ஓடு பார்த்து நடக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஸ்பெயினில் செவில்லிலிருந்து வடக்கே போகும் ரோமானியச் சாலை வியா தெ லா பிளாத்தா. அதைப் பற்றிய பயணக் கட்டுரையில், ஜூலை விடுமுறையில் கல் பாவிய சாலையிலேயே நடந்து போகலாம் என்றிருந்தது. மாதமும் தவறு, கல்லும் தவறு.

எக்ஸ்த்ரெமதுரா பகுதியில் கோடை வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். ஏப்ரல், மே, இல்லையேல் அக்டோபர்தான் தோது. மழை பெய்தால் ஓடைகளில் மிதிகற்கள் மூழ்கிவிடும். ஆழம் பார்க்க இறங்காமல், சுற்றானாலும் தார்ச்சாலைப் பாலத்துக்குப் போய்விட வேண்டும்.

கற்பலகைகளை ரோமானியர் பெரும்பாலும் ஊருக்குள்தான் பாவினார்கள். வெளியே அடியில் பெருங்கல், மேலே இறுக்கிய சரளை. வண்டிச் சக்கரத்துக்கும் குளம்புக்கும் அதுதான் நல்லது. இன்று காலடியில் கிடைப்பது பெரும்பாலும் மண்பாதை; நடுநடுவே பழைய மைல்கற்கள்.

கட்டுரை தொடாதது தண்ணீர். கஸ்தில்பிளாங்கோவிலிருந்து அல்மதேன் தெ லா பிளாத்தா வரை சுமார் 29 கி.மீ., இடையில் ஊரே கிடையாது. கார்கபோசோவிலிருந்து அல்தெயானுவேவா இன்னும் மோசம்: ஏறக்குறைய 38 கி.மீ. பாதி வழியில், பாழடைந்த ரோமானிய நகரான காப்பராவின் நான்குமுக வளைவு நிற்கிறது, பார்க்க அழகுதான், ஆனால் தங்க ஊரில்லை. அவ்வளவு தூரம் முடியாதவர்கள் வளைவுக்கு முன்பே விலகி ஒலிவா தெ பிளாசென்சியாவில் படுத்துவிட்டு மறுநாள் தொடரலாம். தலைக்கு 3 லிட்டர் தண்ணீர் வேண்டும். அதுவே 3 கிலோ என்பதால் மற்ற மூட்டையைக் குறைத்தே கட்ட வேண்டும். உணவை முந்தைய நாளே வாங்கிவிடுங்கள். சிற்றூர்க் கடைகள் பிற்பகல் 2 மணிக்கு மூடினால் 5 மணிக்குத்தான் திறக்கும். ஞாயிற்றுக்கிழமையை நம்பவே கூடாது.

எக்ஸ்த்ரெமதுராவில் வழிகாட்டக் கருங்கல் கனசதுரங்கள் நட்டிருக்கிறார்கள். அவற்றில் மஞ்சள் ஓடு நடைவழியைக் காட்டும். பச்சை ஓடு பழைய ரோமானியத் தடத்தைக் காட்டும். ரோமானியச் சாலை மீதுள்ள ஆசையில் பச்சையை மட்டும் பிடித்துப் போனால் ஏதாவது வேலியில் முட்டி நிற்க வேண்டியதுதான். காசெரெஸுக்கு வடக்கே அல்காந்தரா நீர்த்தேக்கத்துக்குள் பழைய தடம் மூழ்கியே போய்விட்டது. மேய்ச்சல் நிலங்களில் வரும் கதவுகளைக் கடந்ததும் மறக்காமல் சாத்த வேண்டும்.

கடைசியாக, இந்தச் சாலை வடமேற்கு ஸ்பெயினின் யாத்திரைத் தலமான சாந்தியாகோவில் முடிகிறது என்று கட்டுரை சொல்வதும் சரியல்ல. ரோமானியச் சாலை போனது வடக்கே உள்ள அஸ்தோர்கா ஊருக்கு. சாந்தியாகோ போகிறவர்கள் கிரான்ஹா தெ மொரெருவேலாவில் இடப்பக்கம் திரும்பி ஓரென்சே வழியாகவும் போகலாம், அஸ்தோர்கா வரை நடந்து அங்கே, பிரான்சிலிருந்து வரும் யாத்திரைப் பாதையான பிரெஞ்சு வழியில் சேர்ந்தும் போகலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்