எச்சரிக்கைப் பலகையை நாய் படிக்காது

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் ஆடு தின்னும் கொயோட்டிகளை (நரி போன்ற நாய் இனக் காட்டு விலங்கு) கொல்லப் பயன்படும் எம்-44 கருவி பற்றிய உங்கள் கட்டுரையில், அதை ஓரிடத்தில் 'விஷப் பொறி' என்றும் இன்னோரிடத்தில் 'விஷத் தீனி' என்றும் எழுதியிருந்தீர்கள். இரண்டும் இல்லை. பொறி பிடித்து வைக்கும். தவறான விலங்கு மாட்டினால் அவிழ்த்து விடலாம். தீனியைத் தின்ன வேண்டும். இதையோ கவ்வி இழுத்தாலே போதும். சர்ச்சை முழுவதும் அந்த இழுப்பில்தான் இருக்கிறது.

ஒரு சாண்கூட இல்லாத குழாய் முளையைத் தரையில் அடித்து இறக்குவார்கள். அதற்குள் ஸ்பிரிங் ஏற்றிய உந்துதண்டு. மேலே திருகும் தலைக்குள், ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவான தூள் அடங்கிய குப்பி. தூளில் சுமார் 91 சதவீதம் சோடியம் சயனைடு. தலையைச் சுற்றிய துணியில் நாற்றமடிக்கும் பசையைத் தடவிவிட்டால் வேலை முடிந்தது. மாடு மோந்து பார்த்துவிட்டுப் போகும். நாய் இனம் பல்லால் கவ்வி மேலே இழுக்கும். இழுத்ததும் தண்டு தூளை வாய்க்குள் அடிக்கும். ஈரம் பட்டு ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும். சில நிமிடங்களில் உயிர் போகும். குப்பிக்குள் ஈரம் ஏறிவிட்டால் தூள் கட்டிபட்டு, சரியாகச் சிதறாது.

இதற்கு முந்தைய கருவி சயனைடைத் தோட்டா வைத்துச் சுட்டது. அதோடு ஒப்பிட்டால் ஸ்பிரிங் முன்னேற்றம்தான். பண்ணைக்காரர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு: ஈத்துக் காலத்தில் இரவெல்லாம் கிடையைச் சுற்றும் கொயோட்டியைத் துப்பாக்கியோடு காத்திருந்து சுடுவது லேசான காரியமல்ல.

1972-இல் நிக்சன் அரசு தடுத்த இந்த விஷம் 1975-இல் நிபந்தனைகளோடு திரும்பியது. 26 நிபந்தனைகள். வாரம் ஒருமுறையாவது சோதிக்க வேண்டும். வைப்பவர் அமைல் நைட்ரைட் மாற்று மருந்தைக் கையோடு வைத்திருக்க வேண்டும். 30 நாளில் இலக்கு விலங்கு வந்த தடயம் இல்லையென்றால் கழற்றிவிட வேண்டும். 2019-இல் வீடுகளிலிருந்து 600 அடி, பொதுப் பாதையிலிருந்து 300 அடி தள்ளி என்று கூட்டினார்கள். எச்சரிக்கைப் பலகையைக் கருவியிலிருந்து 15 அடிக்குள் கொண்டுவந்தார்கள். எல்லாம் மனிதனுக்கான விதிகள். இழுக்கப்போவது மனிதன் அல்லவே!

மனிதனும் இழுக்கிறான் என்பது வேறு விஷயம். 2017 மார்ச்சில் ஐடஹோ மாநிலம் பொகடெல்லோ அருகே 14 வயதுச் சிறுவன் ஒருவன் நீர்த்தெளிப்பான் குழாய் என்று நினைத்துத் தொட, வீட்டு லாப்ரடார் அவன் கண்முன் செத்தது. அரசு 38,500 டாலர் கொடுத்து வழக்கை முடித்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் ஓரிகனில் ஓர் ஓநாயும் இந்தக் கருவிக்குப் பலியானது.

கட்டுரை தொடாத இடம் ஒன்று உண்டு. ஆட்டு மந்தைக்கு நாம் அறிந்த நல்ல காவல் கிரேட் பைரனீஸ், அக்பாஷ் போன்ற காவல் நாய்கள். அவையும் நாய்தானே, அதே வாடைக்கு அதே பல்லால் இழுக்கும். ஒரே மேய்ச்சல் நிலத்தில் காவல் நாயும் எம்-44-உம் சேர்ந்து இருக்க முடியாது. கருவி வைத்தவர் காவல் நாயை விட முடியாது. பக்கத்துப் பண்ணைக்காரர் நாய் வளர்த்தால் அதுவும் ஆபத்தில். "வேறு வழி இல்லை" என்ற வாதத்தைப் பாதி உருவாக்குவதே கருவிதான் என்பேன்.

ஆட்டின் கழுத்தில் கட்டும், '1080' என்ற விஷம் அடங்கிய பட்டையையாவது இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கொயோட்டி தொண்டையைக் கவ்வும்போது பட்டையிலுள்ள பை கிழிந்து, உள்ளிருக்கும் 1 சதவீதக் கரைசல் வாயில் படும். அதற்கு மாற்று மருந்து கிடையாது, மெதுவாகக் கொல்லும். நான் அதை ஆதரிக்கவில்லை. ஆனால் அது ஆட்டைக் கடித்ததைக் கொல்கிறது. எம்-44 மோந்து பார்த்து இழுத்ததைக் கொல்கிறது. அது ஆட்டையே பார்த்திராத குட்டிநரியாகவும் இருக்கலாம்.

கடைசியாக ஒரு திருத்தம். "தடை செய்யப்பட்டுவிட்டது" என்று முடித்திருந்தீர்கள். 2023 நவம்பரில் கூட்டரசின் நில மேலாண்மைப் பணியகம் தன் 24.5 கோடி ஏக்கரில் தடுத்தது உண்மை. 2024-இல் நாடாளுமன்றம் செய்தது, கூட்டரசுப் பணத்தை இதற்குச் செலவிடக் கூடாது என்று வரவுசெலவுச் சட்டத்தில் ஒரு வரி சேர்த்ததுதான். இந்த விஷத்தைப் பயன்படுத்த அனுமதிக்கும் அரசுப் பதிவு அதனால் ரத்தாகவில்லை. அந்தச் சட்டம் ஆண்டுதோறும் புதிதாக எழுதப்படுவது.

இப்படிக்கு,
வாசகர், நாமக்கல்