முதலில் மீட்டர், பிறகு சோலார்: பல்கலைக்கழக வளாகங்களின் மின்செலவு குறித்து உயர்கல்வித் துறைச் செயலாளருக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற மின் மேற்பார்வையாளர் மற்றும் விடுதி மாணவர்கள், ஆசிரியர்கள், மின் பராமரிப்புப் பணியாளர்கள்,
மாநிலப் பல்கலைக்கழக வளாகம் ஒன்றிலிருந்து.
(பெயர், முகவரி, கையொப்பங்கள் நேரில் அளித்த மூலப்படியில் உள்ளன.)

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
உயர்கல்வித் துறை,
தலைமைச் செயலகம்,
சென்னை – 600 009.

பொருள்: மாநிலப் பல்கலைக்கழக வளாகங்களில் மின்நுகர்வையும் கரிம உமிழ்வையும் குறைக்க, கட்டடவாரியாக மீட்டர் பொருத்தவும், மிச்சமாகும் தொகையை வளாகத்திலேயே மறுமுதலீடு செய்யவும் அரசாணை வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். பல்கலைக்கழக மின் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். வளாகத்தில் இன்று படிப்பவர்கள், பாடம் எடுப்பவர்கள், ஃபியூஸ் போடுபவர்கள் என்று பலரும் என்னோடு இதில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனி மீட்டர் வேண்டும். மின்விசிறி, விளக்கு, ஏசி போன்றவற்றை வாங்கும்போது விலையோடு ஓடும் செலவையும் சேர்த்துப் பார்க்க அனுமதி வேண்டும். மின்கட்டணத்தில் மிச்சமாகும் பணம் அடுத்த மின்சிக்கன வேலைக்கே போக வேண்டும். கூரையில் சோலார் பலகை போடுவதை நாங்கள் எதிர்க்கவில்லை, அது இவற்றுக்கு அடுத்து வரட்டும் என்கிறோம்.

எங்கள் வளாகம் உயரழுத்த மின் இணைப்பில் இயங்குகிறது. நுழைவாயில் அருகே உள்ள பேனல் அறையில் மின்வாரியத்தின் மீட்டர் ஒன்று இருக்கிறது. மொத்த வளாகத்துக்கும் அது ஒன்றுதான். மாதம் ஒருமுறை கணக்கு எடுக்கிறார்கள், பில் வருகிறது, நிதிப் பிரிவுக்குப் போகிறது, ஒப்புதலாகிறது, கட்டப்படுகிறது. வேதியியல் துறை எவ்வளவு எரித்தது, நூலகம் எவ்வளவு, பெண்கள் விடுதி எவ்வளவு என்று கேட்டால் துணைவேந்தருக்கும் தெரியாது, மின் பிரிவுக்கும் தெரியாது. பில் தொகை ஏறும்போது ஒரு சுற்றறிக்கை வரும்: "அறையை விட்டு வெளியேறும்போது விளக்கை அணைக்கவும்." அதோடு சரி.

அந்த ஒரே பில்லைக்கூட யாரும் வரிவரியாகப் படிப்பதில்லை. உயரழுத்த இணைப்பில் யூனிட்டுக்கு மட்டும் பணம் இல்லை. ஒப்பந்த மின்தேவை என்று ஓர் எண் உண்டு, ஒரே நேரத்தில் இவ்வளவு சுமைவரை இழுப்போம் என்று மின்வாரியத்தோடு ஒப்புக்கொண்ட அளவு அது. அந்த மாதம் பதிவான உச்சத் தேவை, ஒப்பந்தத் தேவையில் 90 சதவீதம், இவ்விரண்டில் எது கூடுதலோ அதற்குக் கட்டணம். எப்போதோ, ஒரு புதிய கட்டடம் வரப்போகிறது என்ற கணக்கில் ஒப்பந்தத் தேவையை உயர்த்தி வாங்கியிருப்பார்கள். கட்டடம் வந்திருக்காது, கட்டணம் மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கும். கோடை விடுமுறையில் வளாகமே காலியாகக் கிடந்தாலும் இதில் ஒரு ரூபாய் குறையாது. பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு பங்கு உண்மையில் வேலை செய்கிறது என்ற விகிதம், அதன் கதையும் இப்படித்தான். 0.90க்குக் கீழே இறங்கினால் தனியாக அபராதம் உண்டு. சரிசெய்ய, அந்த விகிதத்தை உயர்த்தும் கப்பாசிட்டர் பேனலில் கருகிப்போயிருந்தால் அதை மாற்றினால் போதும். மாற்றுவதற்கான கோப்பு மேசை மேசையாக ஏறி இறங்குவதற்குள், அபராதமாகவே அந்தக் கப்பாசிட்டரின் விலையைக் கட்டி முடித்திருப்போம். இவற்றைச் சரிசெய்தால் புகை (கரிம உமிழ்வு) குறையாது, பணம்தான் மிச்சமாகும். ஆனால் புகையைக் குறைக்கும் வேலைக்கு முதல் பணம் இங்கிருந்துதான் வரவேண்டும் என்பதால் சொல்கிறோம்.

உண்மையான விரயம் தெரிய வேண்டுமானால் இரவு இரண்டு மணிக்கு வளாகத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். வகுப்பு இல்லை, அலுவலகம் இல்லை. மீட்டர் மட்டும் நிற்பதில்லை. துணைமின் அறையில் இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்கள் பாதிச் சுமைகூட இல்லாமல் முனகிக்கொண்டிருக்கும். 500 கேவிஏ அளவுள்ள பழைய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, சுமையே இல்லாவிட்டாலும், மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட்டைத் தனக்காகவே எடுத்துக்கொள்ளும். ஆண்டுக்கு எட்டாயிரம் யூனிட்டுக்கு மேல். சுமை குறைவான மாதங்களில் ஒன்றை அணைத்து, மற்றொன்றில் இரண்டின் சுமையையும் ஏற்றலாம். அதற்கான இணைப்பு வசதி பல இடங்களில் ஏற்கெனவே உண்டு. அணைக்கச் சொல்லி எழுத்துப்பூர்வ உத்தரவு இல்லாததால் யாரும் கைவைப்பதில்லை. ஏதாவது ஆகிவிட்டால் தலை உருளுவது லைன்மேனுடையது அல்லவா?

விடுதித் தாழ்வாரத்தில் ஒரு மாடியின் அத்தனை விளக்குகளுக்கும் ஒரே சுவிட்ச், அதுவும் பூட்டிய பெட்டிக்குள். மாலை ஆறு மணிக்குக் காவலர் போட்டால் காலையில்தான் அணையும். ஒன்று விட்டு ஒன்றாக இரண்டு சர்க்யூட்டாகப் பிரித்தால் நள்ளிரவுக்குப் பிறகு பாதி விளக்கு போதும். செலவு கொஞ்சம் வயரும் ஓர் எலக்ட்ரீஷியனின் சில நாள் வேலையும். தண்ணீர்த் தொட்டியும் மின்சாரக் கணக்குதான். மாடித் தொட்டி நிரம்பி, சுவரில் வழிந்து பாசி படிந்திருக்கிறதென்றால், ஆழ்துளைக் கிணற்று மோட்டார் அத்தனை நேரம் வீணாக ஓடியிருக்கிறது என்று பொருள். ஆய்வகங்களிலோ மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர்கள். ஒன்று நாளைக்கு 15 முதல் 20 யூனிட் வரை இழுக்கும். நம் ஊர் நடுத்தரக் குடும்பம் ஒன்றின் தினசரி மின்சாரத்தைப்போல இரண்டு மடங்கு. உள்ளே இருக்கும் மாதிரிகள் தாங்குமென்றால் மைனஸ் 70இல் வைத்தாலே செலவு கணிசமாகக் குறையும். ஆய்வு முடித்து எப்போதோ போய்விட்டவர்களின் குப்பிகளுக்காக ஓடும் ஃப்ரீசர்களும் இருக்கின்றன. துறைக்கு ஒரு மீட்டர் இருந்தால் துறைத்தலைவரே கேட்பார்.

இனி மின்விசிறி. விடுதி அறைகளில் ஓடும் பழைய மின்விசிறி சுமார் 75 வாட் எடுக்கும். பல அறைகளில் இன்னும் பெட்டி ரெகுலேட்டர்தான். வேகத்தைக் குறைத்தால் மின்சாரம் மிச்சமாகும் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். மிச்சமாக வேண்டியதில் பெரும்பகுதி அந்தப் பெட்டிக்குள் சூடாகப் போய்விடுகிறது, தொட்டுப் பார்த்தால் தெரியும். பிஎல்டிசி எனப்படும் மின்சிக்கன மோட்டார் பொருத்திய மின்விசிறி சுமார் 30 வாட்டில் அதே காற்றைத் தரும். வித்தியாசம் 45 வாட். நாளைக்கு 15 மணி நேரம், ஆண்டுக்கு 250 நாள் என்று வைத்துக்கொண்டால் ஒரு விசிறிக்கு 169 யூனிட் மிச்சம். யூனிட்டுக்கு 7 ரூபாய் என்று கொண்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,180 ரூபாய். மூவாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் விசிறி இரண்டரை ஆண்டில் தன் விலையைத் தானே அடைத்துவிடும்.

சோலாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இப்படி ஆயிரம் விசிறிகளை மாற்ற முப்பது லட்சம் ரூபாய்க்குள் ஆகும், ஆண்டுக்கு 1,69,000 யூனிட் மிச்சமாகும். 100 கிலோவாட் சோலார் அமைக்க 45 முதல் 50 லட்சம் வரை ஆகும். கிலோவாட்டுக்கு நாளைக்கு 4 யூனிட் வீதம் அது ஆண்டுக்குத் தருவது 1,46,000 யூனிட். ஆனால் சோலாருக்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. மின்விசிறிக்கு யார் ரிப்பன் வெட்டுவது?

இவ்வளவு தெளிவான கணக்கு ஏன் நடைமுறைக்கு வருவதில்லை என்றால், காரணம் டெண்டர். குறைந்த விலைப்புள்ளிக்குத்தான் ஆணை என்று அலுவலகங்களில் எடுத்துக்கொள்கிறார்கள். விசிறி ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய் குறைவாகக் கேட்பவர் ஜெயிப்பார், அந்த ஆயிரத்தை நாம் மின்கட்டணமாக ஒரே ஆண்டில் கட்டிவிடுவோம். தணிக்கையில் கேள்வி வரும் என்ற பயத்தில் எந்தப் பொறியாளரும் வேறு மாதிரி எழுதத் துணிவதில்லை. பொருளின் விலையோடு ஐந்தாண்டு மின்செலவையும் கூட்டி, மொத்தத்தில் எது குறைவோ அதையே குறைந்த விலைப்புள்ளியாகக் கொள்ளலாம் என்று டெண்டர் ஆவணத்திலேயே எழுத, 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டத்துக்கு உட்பட்டு ஒரு தெளிவுரையைத் தங்கள் துறையும் நிதித்துறையும் சேர்ந்து வெளியிட்டால் போதும். 2023 ஜனவரி முதல் மின்விசிறிகளுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயம். எனவே வாட் அளவை யாரும் இட்டுக்கட்டவும் முடியாது.

அடுத்தது கணக்குத் தலைப்பு. மின்கட்டணம் ஒரு தலைப்பு, புதிய பொருள் வாங்குவது வேறு தலைப்பு, பழுதுபார்ப்பது மூன்றாவது. ஒரு துறை பாடுபட்டு இரண்டு லட்சம் ரூபாய் மிச்சம் பிடித்தால், அடுத்த ஆண்டு மின்கட்டண ஒதுக்கீட்டில் அந்த இரண்டு லட்சம் வெட்டப்படும். பாடுபட்டவர்களுக்கு ஒரு டியூப் லைட் கூடக் கிடைக்காது. இப்படி இருக்கும்போது யார் முன்வருவார்கள்? மிச்சமான தொகையில் குறைந்தது பாதியை வளாக மின்சிக்கனச் சுழல்நிதியில் சேர்க்கவும், அதிலும் ஒரு பகுதியைச் சேமித்த துறைக்கோ விடுதிக்கோ தரவும் ஆணையிடுங்கள். இந்த மனுவில் ஒன்றே ஒன்றை மட்டும் நிறைவேற்ற முடியும் என்றால், இதைத்தான் கேட்போம்.

ஏசி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2020 ஜனவரி முதல் வரும் நட்சத்திரக் குறியீட்டு ஏசிகள் இயக்கியதும் 24 டிகிரியில் நிற்கும்படிதான் வருகின்றன. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. ரிமோட்டைக் கையில் வைத்திருப்பவர் 18க்கு இறக்கிவிட்டு சால்வை போர்த்திக்கொண்டால் நாம் என்ன செய்வது? ஆனால் மேல்மாடி வகுப்பறைகளின் கூரைக்கு வெள்ளை வெப்பத்தடுப்புப் பூச்சு அடிக்கலாம். பள்ளிகளில் அரசே இந்த வேலையைத் தொடங்கியிருக்கிறது, பல்கலைக்கழகங்களையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம்.

சோலாரைப் பொறுத்தவரை, அமைப்பதைவிடப் பராமரிப்பதே சிக்கல். பலகையில் தூசு படிந்து, இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு எரிந்து மாதக்கணக்காகியும் கேட்க ஆளில்லாத கூரைகளைப் பார்த்திருக்கிறோம். உத்தரவாதக் காலம் முடிந்ததும் அது யார் பொறுப்பு என்பது ஒப்பந்தத்தில் இருக்காது. தனியார் முதலீட்டில் அமைத்து, உற்பத்தியாகும் யூனிட்டுக்கு மட்டும் பணம் தரும் முறையில் போனால், பலகையைத் துடைப்பது அவர்கள் கவலை. நாம் பெறும் மின்சாரத்துக்கு மட்டும் விலை. கூடவே, கூரை சோலார் மின்சாரத்துக்கு மின்பகிர்மானக் கழகம் தன் கம்பித்தொடரைப் பயன்படுத்துவதற்காக வசூலிக்கும் நெட்வொர்க் கட்டணத்தில் அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு விலக்கு கிடைக்க எரிசக்தித் துறையோடு தாங்கள் பேச வேண்டும்.

மின்சாரம் தவிர மற்ற புகைகளும் உண்டு. விடுதிச் சமையலறையில் காலியாகும் 19 கிலோ சிலிண்டர் ஒவ்வொன்றும் சுமார் 57 கிலோ கரியமில வாயு. ஜெனரேட்டரில் எரியும் ஒவ்வொரு லிட்டர் டீசலும் ஏறத்தாழ 2.7 கிலோ. சோறு வேகவைக்கும் நீராவிக் குழாயைச் சுற்றியிருக்கும் காப்பு கிழிந்து தொங்குகிறது, அதை மறுபடி சுற்றினாலே எரிபொருள் குறையும். உதிர்ந்த இலையைக் குவித்துத் தீ வைப்பதை ஒரு சுற்றறிக்கையில் நிறுத்திவிடலாம். இந்த விஷயத்தில் சுற்றறிக்கையே போதும்.

இவை எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க ஓர் அடிப்படை ஆண்டு வேண்டும். நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்பது மத்திய மின்சார ஆணையத்தின் தரவு. யூனிட் தெரிந்தால் உமிழ்வு தெரியும், பெருக்கல் கணக்குதான். இதற்குப் பெரிய ஆலோசனை நிறுவனம் தேவையில்லை. கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வருவதற்கு முந்தைய மாதம் அவசர அவசரமாக ஓர் எரிசக்தித் தணிக்கை, ஒரு பசுமைத் தணிக்கை, ஒரு மரம் நடு விழா நடக்கிறது. அறிக்கை பைண்டிங் ஆகி அலமாரிக்குப் போகிறது. பரிந்துரைகள் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒன்றேதான், முந்தையதை யாரும் நிறைவேற்றாததால். இந்தியா 2070க்குள் நிகர பூஜ்ய உமிழ்வு (வெளியிடும் அளவும் உறிஞ்சும் அளவும் சமமாவது) என்று அறிவித்திருக்கிறது. அதற்கு முன்பே எட்டுவோம் என்று தமிழ்நாடு அரசு சொல்லியிருக்கிறது. அரசின் சொந்தப் பல்கலைக்கழகங்கள் இன்று எவ்வளவு உமிழ்கின்றன என்ற எண்ணாவது அரசின் கையில் இருக்க வேண்டாமா?

ஆகவே, கட்டடவாரி மீட்டர்களை ஓராண்டுக்குள் பொருத்தவும், ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் உதவிப் பொறியாளர் நிலைக்குக் குறையாத ஒருவரை எரிசக்தி அலுவலராகப் பெயர் குறிப்பிட்டு நியமிக்கவும், அவர் தயாரிக்கும் மூன்றாண்டுத் திட்டமும் மாத யூனிட் கணக்கும் பல்கலைக்கழக இணையதளத்தில் வெளியாகவும் ஆணையிட வேண்டுகிறோம். மின்வாரிய மீட்டரில் குறித்த இடைவெளிகளில் பதிவாகும் சுமை விவரம் மாதந்தோறும் எங்களுக்கும் கிடைக்கும்படி பகிர்மானக் கழகத்துக்கு எழுதுங்கள். நள்ளிரவில் எவ்வளவு ஓடுகிறது என்பதை அந்த ஒரு தாளே காட்டிவிடும். மாநிலத்தில் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்துக்குப் பொறுப்பான முகமை மின் ஆய்வுத்துறைதான். தணிக்கையை அவர்கள் மேற்பார்வையில் நடத்தலாம். அளவெடுக்கும் வேலையை எங்கள் மின் பொறியியல் மாணவர்களே இறுதியாண்டு செயல்திட்டமாகச் செய்யத் தயாராக இருக்கிறார்கள். ஆனால் மீட்டர் பொருத்தவும் பேனலில் கைவைக்கவும் உரிமம் பெற்ற ஆட்கள்தான் வேண்டும், மின் பிரிவிலோ காலிப் பணியிடங்கள் நிரப்பப்படாமல் கிடக்கின்றன. அவற்றையும் நிரப்பித் தாருங்கள்.

எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரே நேரத்தில் ஆணையிடத் தயக்கம் இருந்தால், முன்னோடியாக எங்கள் வளாகத்தில் ஒரு விடுதி, ஓர் ஆய்வகக் கட்டடம், நூலகம் ஆகிய மூன்றில் ஓராண்டு செய்து பார்க்க அனுமதியுங்கள். அதற்கான மீட்டர் பட்டியலையும் உத்தேச மதிப்பீட்டையும் இணைத்துள்ளோம். தாங்கள் நாள் குறித்தால் நேரில் வந்து விளக்குகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பமிட்டவர்கள்)

இணைப்பு:
கட்டடவாரி மீட்டர் பட்டியல், உத்தேச மதிப்பீடு, கையொப்பப் பட்டியல்.

நகல்:
அரசுச் செயலாளர், எரிசக்தித் துறை, தலைமைச் செயலகம், சென்னை.
அரசின் தலைமை மின் ஆய்வாளர், சென்னை.
மாவட்ட ஆட்சியர் அவர்கள், மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கத்தின் பொறுப்பாளர் என்ற முறையில்.
பல்கலைக்கழகப் பதிவாளர் அவர்கள், தகவலுக்காகவும் கப்பாசிட்டர் கோப்பின் மீது நடவடிக்கைக்காகவும்.