ஜேசிபியும் பால் கணக்கும்

புதுக்கோட்டை
ஞாயிறு இரவு

மாப்பிள்ளை,

அம்மா காரியத்துக்கு வந்த உன்னை பஸ் ஏற்றிவிடும்போது "நானே பேசுகிறேன்" என்று சொன்னவன் நான். எட்டு மாதம் ஆயிற்று. போனில் பேசினால் நாம் அரசியலில் ஆரம்பித்துச் சண்டையில் முடிப்போம், அதனால் எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். அக்காவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நம் ஒட்டடை வாத்தியார் ரிட்டயர் ஆகிவிட்டார். கடைத்தெருவில் பார்த்தால் இன்னமும் "அந்தச் சுவரேறி எங்கேடா" என்றுதான் உன்னைக் கேட்கிறார்.

விஷயம் இதுதான். உன் மருமகளுக்குத் தனி அறை வேண்டுமாம். வயது ஐந்து. கூடப் படிக்கிற யாருக்கோ இருக்கிறதாம். கூடத்தில் பாய் விரித்து, நடுராத்திரியில் யார் கால் யார் மேல் கிடக்கிறது என்று தெரியாமல் வளர்ந்தவர்கள் நாம். அம்மா இருந்திருந்தால் ஒரு மூச்சு ஏசியிருப்பாள். உன் தங்கச்சி சரி என்றுவிட்டாள், அப்புறம் நான் யார்? பின்கட்டில் சாமான் அடைத்து வைத்திருந்த பழைய அடுப்படியை ஒழித்தோம். அதில் ஒரு சுவர் முழுக்கப் படம் வரைந்து தருகிறேன் என்று வாயைக் கொடுத்தது மட்டும் என் தப்பு.

என் மனசில் இருந்தது சித்தன்னவாசல் குகைக் கோயில் ஓவியம். அன்னவாசல் ரோட்டில் உன் சைக்கிள் பஞ்சராகி, என் சைக்கிளையும் சேர்த்து உருட்டிக்கொண்டு போனோமே, அந்தத் தாமரைக் குளம். கூரையில் மீனும் வாத்தும் எருமையும் யானையும், பூப் பறிக்கிற ஆட்களும், எல்லாம் ஒரே தண்ணீருக்குள். அண்ணாந்து பார்த்த நமக்கே கழுத்து பிடித்துக்கொண்டது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் அதை வரைந்தவன் என்ன பாடுபட்டிருப்பான் என்று அன்றைக்கு நீதான் கேட்டாய்.

படத்தைப் பிரின்ட் எடுத்து உன் மருமகளிடம் காட்டினேன். நன்றாக உற்றுப் பார்த்துவிட்டு, "இதில் ஜேசிபி எங்கே?" என்றாள்.

எங்கள் தெருவில் ஒரு மாதமாகச் சாக்கடை தோண்டுகிறார்கள். காலையில் எழுந்ததும் அதற்குத்தான் முதல் தரிசனம். நாலு நாள் பேச்சுவார்த்தை நடந்து, கடைசியில் குளத்தைத் தூர் வாருகிற ஜேசிபி என்று ஒப்பந்தமானது. யானையை எடுத்துவிட்டு இன்னொரு ஜேசிபி போடலாம் என்றாள். அதற்கு மட்டும் நான் மசியவில்லை.

காவிப்பொடி தோய்த்த நூலை அடித்து, அடிக்கு ஓர் அடி கட்டம் போட்டேன், உன் அப்பா சொல்லிக்கொடுத்த மாதிரியே. வண்டிதான் உயிரை வாங்கியது. எமல்ஷன் மஞ்சள் சுவரை மூடவே மாட்டேன் என்கிறது. அடியில் வெள்ளை அடித்து, மேலே மூன்று கோட் கொடுத்தும் காவிக்கோடு தெரிந்தது. அப்போதுதான் பரணில் உன் அப்பா கடை டப்பா ஒன்று கிடைத்தது, மஞ்சள் எனாமல், பாதி மிச்சம். திறந்து ஓரத்தில் ஓர் இழுப்பு இழுத்தேன். ஒரே இழுப்பு, அடியில் இருந்தது எதுவும் தெரியவில்லை. அதே வேகத்தில் மூடிவிட்டேன். அந்தக் காலத்து மஞ்சளுக்கு அவ்வளவு சக்தி வந்தது ஈயக் குரோமேட்டால். நம் நாட்டில் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1-ல்தான் அமலுக்கு வந்தது. டப்பாவுக்கு அதைவிட வயது அதிகம். இழுத்த இடத்தையும் ஈரத்துணி வைத்துத் துடைத்தேன்.

உன் அப்பா பிரஷ் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்குவாரே, ஞாபகம் இருக்கிறதா? நாம் இரண்டு பேரும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்போம். நீயும் போர்டு எழுதின காலத்தில் அப்படித்தான் செய்தாய். இப்போது ஃபிளெக்ஸ் அடிக்கிறாய், வாயில் வைக்க ஒன்றும் இல்லை, சரி. ஆனாலும் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று ஒரு தடவை பார்த்துவிடு. கேலிக்குச் சொல்லவில்லை.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை.

படம் போடுவதற்கு முன்னால் சுவரைச் சுரண்ட வேண்டியிருந்தது. பழைய பெயின்ட் தூசி ஆகாது என்று உன் தங்கச்சியையும் மருமகளையும் மாமனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சுரண்டினேன். மேலே கிரீம் கலர். அதற்கு அடியில் அக்கா கல்யாணத்துக்கு அடித்த நீல டிஸ்டெம்பர். அதற்கும் அடியில் சுண்ணாம்பு. சுண்ணாம்பின் மேல் எதுவும் பிடித்து நிற்காதில்லையா, நீலம் அப்பளம் மாதிரி உரிந்து வந்தது. கதவுப் பக்கம் அப்படி ஒரு பத்தை உரிந்ததும் உள்ளே கரிக்கோடுகள். நாலு நின்றவாக்கில், ஒன்று குறுக்கே. வரிசை வரிசையாக.

அம்மாவின் பால் கணக்கு. முழுக்கோடு உழக்கு, அரைக்கோடு ஆழாக்கு. சுழி போட்டிருந்தால் அன்றைக்குப் பால் வாங்கவில்லை. ஒரு மாதத்தில் பதினோரு சுழி எண்ணினேன். அப்பாவின் மில் மூடிக்கிடந்த வருஷமாகத்தான் இருக்க வேண்டும். அந்த வருஷமும் டியூஷன் விட்டு வந்தால் இரண்டு டம்ளர் பால் டீ மூடி வைத்திருக்கும், ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு. ஒரு நாள் தவறியதாக எனக்கு ஞாபகம் இல்லை. கணக்கு உதைக்கிறது, மாப்பிள்ளை.

சுரண்டியை வைத்துவிட்டு அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் நாயக்கர் காலத்துப் படத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி 1931-ல் கண்டுபிடித்தார் என்று ஒட்டடை பாடம் எடுத்தபோது, நாயக்கர்களுக்கு அறிவே இல்லை என்று நீ சத்தமாகச் சொல்லி பெஞ்சு மேல் நின்றாய். இப்போது பட்டி டப்பாவும் கையுமாக நிற்கிற நாயக்கர் நான்தான். எனக்கென்னவோ அவர்கள் மேல் கோபம் போய்விட்டது.

பட்டி பார்க்கவில்லை. கணக்கு இருக்கிற இடத்தைச் சுற்றி டேப் ஒட்டி அப்படியே விட்டுவிட்டேன். படத்தில் அது குளத்தங்கரையில் வருகிறது. பார்க்கிறவர்கள் தூர் வாரும் வேலைக்கான அறிவிப்புப் பலகை என்று நினைக்கிறார்கள், நானும் மறுப்பதில்லை. உன் மருமகள் மட்டும் விடாமல் கேட்டாள். சொன்னேன். "பால் பாக்கெட்டில்தானே வரும்?" என்றாள். மறுநாள் எருமை வயிற்றில் சிவப்பு கிரேயானால் இரண்டு கோடு, எங்கள் வீட்டில் தினம் இரண்டு பாக்கெட். மெழுகு மேல் பெயின்ட் ஒட்டாமல் முத்து முத்தாக ஓடுகிறது. மூன்று தடவை அடித்துப் பார்த்து விட்டுவிட்டேன்.

இப்போது என் கவலை, கரி உதிர்கிறது. போன புதன்கிழமை அவள் யூனிஃபார்ம் தோள் உரசி ஒரு கோடு பாதி அழிந்துபோனது. அவளை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன், அவளுக்கு என்ன தெரியும்? பிரஷ்ஷால் வார்னிஷ் பூசினால் மொத்தமும் கலங்கிவிடும் என்று பயமாக இருக்கிறது. நீ சாக்பீஸில் போட்ட ஸ்கெட்ச் கலையாமல் இருக்க மேலே ஏதோ ஊதுவாயே, அது என்ன? கரிக்கும் நிற்குமா? இல்லை, கண்ணாடி போட்டு மூடிவிடுவதா? உடனே பதில் போடு. தலைத்திவசத்துக்கு எப்படியும் வருவாய், அதுவரை தாங்காது. முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீயே கிளம்பி வா. யானைக்கும் தும்பிக்கை சரியாக வரவில்லை. அவள் அதைப் பன்றி என்கிறாள்.

உன்னோடு சுவரேறி மாட்டிக்கொண்டவன்