பேச்சிப்பாறைக்கு அக்கரையில்

நாகர்கோவில்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். உன்னை நிரம்ப விசாரித்தாள். இங்கே கன்னிப்பூ நெல் அறுப்பு முடிந்து, அடுத்த போகமான கும்பப்பூவுக்கு உழவு தொடங்கிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை மலைப் பழங்குடிகளான காணிக்காரர் குடியிருப்பு ஒன்றுக்குப் போய்வந்தேன். அங்கே ஒரு வீட்டில் தெரிந்தவர் இருக்கிறார், அவர்தான் அழைத்தார். குலசேகரம் பஸ்ஸில் ஏறினால் திருவட்டாறு வழியாகத்தானே போகும்? ஆதிகேசவப் பெருமாள் கோவிலுக்கு 418 ஆண்டுகள் கழித்து 2022இல் கும்பாபிஷேகம் நடந்ததே, அதற்குப் பிறகு நீ வரவேயில்லை. குலசேகரம் தாண்டினால் இருபுறமும் ரப்பர்தான். பால்வெட்டு முடிந்து தொழிலாளர்கள் வாளியோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

பேச்சிப்பாறை அணையில் இறங்கி, முதலில் மிஞ்சின் துரையின் கல்லறையைப் பார்த்தேன். திருவிதாங்கூர் மூலம் திருநாள் மகாராஜா காலத்தில், 1897 முதல் 1906 வரை இந்த அணையைக் கட்டிய பொறியாளர் அவர். தான் கட்டிய அணையின் பக்கத்திலேயே அடங்கியிருக்கிறார். சிறிது நேரம் அங்கே நின்றேன். நாம் உண்ட சோற்றில் அவருக்குப் பங்குண்டு.

அங்கிருந்து படகு. அணையின் முழுக் கொள்ளளவு 48 அடி என்று தினமும் பத்திரிகையில் படிக்கிறோம். அந்த நீருக்கு அப்புறமும் ஊர்கள் இருக்கின்றன, நண்பா. தச்சமலை, தோட்டமலைக்காரர்கள் ரேஷன் அரிசியையும் படகில்தான் கொண்டுபோகிறார்கள். பேறுகால வலி கண்டாலும் இந்தத் தண்ணீரைக் கடந்தாக வேண்டும். படகில் என்னோடு வந்த பள்ளிப் பிள்ளைகள் தண்ணீரில் கையை விட்டு அளைந்துகொண்டே வந்தார்கள்.

நான் போன வீட்டில் ஒரு முதியவர் இருந்தார். வாழையிலையில் மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும் வைத்தார்கள். அதைவிட ருசியாக இந்த வருடம் நான் எதையும் தின்றதில்லை. சாப்பிட்ட பிறகு கொக்கரையை எடுத்துக் காட்டினார். இரும்புத் தகட்டைச் சுருட்டிச் செய்த குழல் அது. அதன் விளிம்பில் பல் பல்லாக வெட்டியிருக்கிறது. சிறு கம்பியால் அதை உரசினால் மழைக்கால இரவில் சீவிடுகள் ஒன்றுசேர்ந்து இரைவதுபோல ஓர் ஒலி வருகிறது. நோயாளியை முன்னால் உட்காரவைத்து, பிலாத்தி இதை உரசியபடி விடியும்வரை சாற்றுப்பாட்டுப் பாடுவாராம். ஊருக்குத் தலைவர் மூட்டுக்காணி, மருந்துக்கும் மந்திரத்துக்கும் பிலாத்தி. பாட்டு முழுதாகத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று சொல்லிக் கொக்கரையைத் துணியில் சுற்றி வைத்தார்.

ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகைச் செடி பற்றிக் கேட்டேன். உனக்கு நினைவிருக்கும். 1987இல் அகத்தியமலைக் காட்டில், கேரளப் பகுதியில், ஆராய்ச்சியாளர்கள் நடந்து களைத்துப் போனார்கள். வழிகாட்டிய காணிகளோ ஏதோ காயை மென்றுகொண்டு சளைக்காமல் நடந்தார்கள். வெளியாருக்குச் சொல்லக்கூடாதது என்று முதலில் தயங்கி, பிறகு செடியைக் காட்டினார்கள். அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து வந்தது. ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கிடைக்கும் உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. உலகமெங்கும் இதை முன்மாதிரி என்று பேசினார்கள். முதியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, செடியைக் காட்டியவனுக்குக் காட்டில் ஒரு பிடி மண்ணாவது சொந்தமா என்று மட்டும் கேட்டார். 2006இல் வன உரிமைச் சட்டம் வந்த பிறகும் அந்தக் கேள்வி அவர் வாயில் இருக்கிறதே என்பது என்னை வருத்துகிறது.

புறப்படும்போது கரைவரை வந்தார். தண்ணீரைக் கைகாட்டி, பாட்டன் காலத்துக் குடி இருந்த இடம் அதோ அங்கே கிடக்கிறது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டைக் காட்டுவதுபோலச் சொன்னார்.

அப்போதிலிருந்து எனக்கு நம் அனந்தனாறு கால்வாய்தான் நினைவில் நிற்கிறது. பள்ளி விட்டதும் பையை மதகில் வைத்துவிட்டுக் குதிப்போமே, அந்த நீர் பேச்சிப்பாறையிலிருந்தும் பெருஞ்சாணியிலிருந்தும்தான் வந்தது. ஜூனில் அணை திறந்தால் நாஞ்சில் நாடே கொண்டாடும். நம் அப்பாக்கள் நீர்முறைக்காகச் சண்டை போட்டார்கள், மிஞ்சினை வாழ்த்தினார்கள். மேலே யாருடைய அடுப்பங்கரை மூழ்கியது என்று நம் வீட்டில் ஒருவராவது பேசி நீ கேட்டிருக்கிறாயா? நான் கேட்டதில்லை. பள்ளியிலும் சொல்லித்தரவில்லை. இந்த வயதில்தான் எனக்குத் தெரியவேண்டியிருந்தது.

படகு ஏறும்போது அந்த வீட்டு அம்மா ஒரு பொட்டலம் நல்லமிளகு தந்தார்கள். பணம் கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார்கள். இந்த வருடம் உங்கள் பக்கம் வயலுக்குத் தண்ணீர் போதுமானதாக இருந்ததா என்று கேட்டார்கள். இருந்தது என்றேன்.

அந்த மிளகில் பாதியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ரசத்துக்கு நசுக்கிப் போடச் சொல். தை மாதம் விடுப்புக் கிடைத்தால் வா, சேர்ந்து போவோம். அந்த முதியவருக்குக் கண் மங்கி வருகிறது. நல்ல மருத்துவரிடம் காட்டலாமா என்று கேட்டிருக்கிறேன், வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
உன் நண்பன்