கூரைமேல் ஒரு முக்காலி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து 10 நாளாகிறது. சோம்பலால் தாமதிக்கவில்லை. காரில் கேமராவை மாட்டி மலைப்பாதையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தேனே, அதில் உன் அப்பா சொன்ன குறைகளைச் சரிசெய்யாமல் உனக்குப் பதில் எழுத வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். அவர் சொன்னதை நீயும் ஒரு சொல் மாற்றாமல் எழுதி அனுப்பியிருக்கிறாய். "ரோடு ஏன்டா தண்ணிக்குள்ள கிடக்குற மாதிரி நெளியுது?" இது முதலாவது. "இது டிரைவர் பார்க்குற ரோடு இல்ல, நாய் பார்க்குற ரோடு." இது இரண்டாவது. "வெறும் காத்துச் சத்தம்தான் கேக்குது, எந்த கியர்ல ஏறுறான்னே தெரியல." இது மூன்றாவது. 28 வருஷம் அந்த மலைப்பாதையில் பஸ் ஓட்டிய மனிதர், கட்டிலில் சாய்ந்தபடி 10 நிமிஷம் பார்த்துவிட்டு என் ஒரு மாத வேலையை மூன்று வரியில் முடித்துவிட்டார். மூன்றுமே சரி என்பதுதான் எரிச்சல்.

அவர் இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வருகிறார் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே பெரிய செய்தி எதுவும் இல்லை. மகள் வேலை மாறிவிட்டாள். எனக்குக் கண்ணாடி பவர் ஏறிவிட்டது. துளை போட வேண்டிய இடத்தைக் குறிக்கக்கூட இப்போது ஒரு கண்ணாடிமேல் இன்னொரு கண்ணாடி மாட்டிக்கொள்கிறேன்.

சரி, உன் பக்கத்து இறக்கத்தை நீ படம் எடுக்கப்போகிறாய், கேமரா மாட்டும் சாமானை எப்படிச் செய்வது என்று கேட்டிருந்தாய். முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன், நீ அதைத் திரும்பச் செய்ய வேண்டாம்.

முதல் தடவை செய்தது ரொம்பச் சுலபம். கண்ணாடிக் கடைகளில் பெரிய கண்ணாடியைத் தூக்க ஒரு கைப்பிடி வைத்த ரப்பர் கப் இருக்குமே, நெம்புகோலை மடக்கினால் இறுகிக்கொள்வது, அதில் ஒன்று. அதன் கைப்பிடியில் ஒரு அடி நீள அலுமினியப் பட்டையை போல்ட் போட்டு, பட்டையின் நுனியில் கேமரா. போனட்டில் ஒட்டினேன். எனக்கு இருந்த ஒரே பயம், காற்றில் பிய்த்துக்கொண்டு போய்விடுமோ என்பதுதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தப் பயத்துக்கு இடமே இல்லை. கப்பின் விட்டம் 12 சென்டிமீட்டர் என்றால் பரப்பு சுமார் 113 சதுர சென்டிமீட்டர். காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறக்குறைய ஒரு கிலோ கனத்துக்கு அழுத்துகிறது. உள்ளே இருக்கும் காற்றில் பாதி வெளியேறினாலே 50 கிலோவுக்கு மேல் பிடிப்பு. எதிர்க்காற்றோ, கேமரா மாதிரி 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் முகம் உள்ள ஒரு சாமானை 60 கிலோமீட்டர் வேகத்தில் தள்ளும் விசை 200 கிராம் கனத்தைக்கூட எட்டாது. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. 120-ல் முக்கால் கிலோ. மலைப்பாதையில் யார் 120-ல் போகப்போகிறார்கள்?

இந்த இடத்தில் உனக்கு ஒரு ஞாபகம் வரவேண்டும். 1650களில் கெரிக்கே என்ற ஜெர்மானியர் இரண்டு செப்பு அரைக்கோளங்களை ஒன்றோடொன்று பொருத்தி, உள்ளே இருந்த காற்றை வெளியேற்றி, இரண்டு பக்கமும் குதிரைகளைப் பூட்டி இழுக்கவிட்ட பாடம். நீ அந்த வகுப்பில் தூங்கிக்கொண்டிருந்தாய். கப் எதையும் உறிஞ்சுவதில்லை, வெளிக்காற்றுதான் அதை அழுத்தி வைத்திருக்கிறது என்று அன்றைக்குப் படித்தது எனக்கு இந்த வயதில்தான் வேலைக்கு வந்தது. அதுவும் அடிபட்ட பிறகு.

போன கடிதத்தில் உன்னிடம் மறைத்ததை இப்போது சொல்லிவிடுகிறேன். ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. உச்சிக்குப் போய், வண்டியை ஓரம்கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டுக் கைகால் உதறிக்கொண்டு நிற்கிறேன். காற்று இல்லை, அசைவு இல்லை. 'டப்' என்று ஒரு சத்தம். கப் கழன்று, போனட் சரிவில் வழுக்கி, பட்டையும் கேமராவுமாக முன்பக்கம் தொங்கிக்கொண்டு இருந்தது. நைலான் கயிறு கட்டியிருந்தேனோ, பிழைத்தேனோ. போனட்டில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல் விழுந்தது, அது இன்னும் இருக்கிறது.

வண்டி ஓடும்போது பிடித்து நின்ற கப், வண்டி நின்றபிறகு ஏன் விழுந்தது? இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடல்மட்டத்துக் காற்றழுத்தத்தை 100 என்று வைத்துக்கொள். கீழே ஒட்டும்போது கப்பின் உள்ளே 50, வெளியே 100. பிடித்து வைத்திருப்பது இடையிலுள்ள 50. கிட்டத்தட்ட 2000 மீட்டர் உயரம் ஏறிப் போனால் வெளியே 80-தான் இருக்கும். உள்ளே அடைபட்டது அதே 50. ஆக மிச்சம் 30. இரண்டாம் கியரில் ஏறி வந்த எஞ்சினின் சூடும் மேலே வெயிலும் சேர்ந்து போனட் கொதித்துக்கொண்டிருந்தது; உள்ளே இருந்த காற்று சூடேறி அந்த 50-ஐயும் கொஞ்சம் கூட்டியிருக்கும், ரப்பரும் இளகியிருக்கும். இதோடு விளிம்பு வழியே ஊசிமுனை அளவு கசிவு. நான் காற்றைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன், கப்போ நேரத்திடம் தோற்றுக்கொண்டிருந்தது. அதனால் ஏறிப் போகிறவன் உச்சியில் ஒருமுறை கழற்றி மறுபடி ஒட்டிக்கொள்ள வேண்டும். நீ மேலிருந்து இறங்குகிறவன், உனக்கு எதிர்மாறாக அழுத்தம் கூடிக்கொண்டே போகும். அதிர்ஷ்டக்காரன். இருந்தாலும் வெயிலும் கசிவும் உனக்கும் உண்டு.

இரண்டாம் தடவை பம்ப் வைத்த கப் வாங்கினேன். நடுவில் இருக்கும் குமிழை அழுத்தி அழுத்திக் காற்றை வெளியேற்றுவாய். அதில் ஒரு சிவப்புக் கோடு இருக்கிறது. கோடு வெளியே எட்டிப் பார்த்தால் காற்று புகுந்துவிட்டது, இன்னும் நாலு அழுத்து அழுத்து என்று அர்த்தம். நெம்புகோல் கப் விழுகிற வரைக்கும் ஒன்றும் சொல்லாது. இது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே இதை வாங்கு.

இனி அப்பாவின் முதல் குறை, அந்த நெளிவு. இது கப்பின் குற்றம் இல்லை, என் பட்டையின் குற்றம். கேமராவின் சென்சார் படம் முழுவதையும் ஒரே நொடியில் பிடிப்பதில்லை. மேல்வரியில் தொடங்கி வரிவரியாகப் படித்துக்கொண்டே கீழே வருகிறது. அந்தச் சின்ன இடைவெளிக்குள் கேமரா துடித்தால், மேல்வரி பார்த்த இடம் ஒன்று, கீழ்வரி பார்த்த இடம் இன்னொன்று. நேரான விளக்குக் கம்பம் பாம்பாக வளைகிறது. கேமராவுக்குள்ளேயே ஆட்டத்தைச் சமன்செய்யும் வசதி இருந்தும் இதற்கு உதவவில்லை. பட்டையின் நீளம் இரண்டு மடங்கானால் நுனி வளைவது எட்டு மடங்கு. ஒரு அடி நீட்டி வைத்த எனக்கு அது வேண்டும்தான். நடுவில் புத்திசாலித்தனமாக கேமராவுக்கு அடியில் ஸ்பாஞ்ச் வைத்துப் பார்த்தேன். துடிப்பு போய் ஊஞ்சல் வந்தது, கேமரா தன்பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டே வந்தது.

பட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு 6 மி.மீ. தடிமனில் ஒரு அலுமினியத் தகடு எடுத்தேன். முக்கோணமாக, பக்கத்துக்கு ஒரு அடி. ஆக்ஸா பிளேடால் அறுத்து, ஓரமெல்லாம் அரம் போட்டேன். ஒரு சாயங்காலம் முழுக்க அதற்கே போய்விட்டது. மூலைக்கு ஒரு கப். நான்கு வைக்கலாமா என்று யோசித்தேன். நாற்காலியின் ஒரு கால் குட்டையானால் ஆடும், முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது. வண்டியின் தகடு எங்கேயும் சமதளமாக இருக்காது, அதனால் மூன்றுதான். கப்பைத் தகட்டில் மாட்டும் துளையைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு, இரண்டு பக்கமும் தடித்த ரப்பர் வாஷர் வைத்தேன். முதலில் மூன்று கப்பையும் ஒட்டி, அவை வளைவுக்கு ஏற்பத் தாமாகச் சாய்ந்து உட்கார்ந்த பிறகே நட்டை முறுக்குவேன். முன்னாலேயே முறுக்கிவிட்டால் ஒரு கப் எப்போதும் விளிம்பைத் தூக்கிக்கொண்டே நிற்கும். நட்டெல்லாம் உள்ளே நைலான் வளையம் உள்ளதாக வாங்கு. சாதா நட்டு அதிர்வில் கழன்றுவிடும்.

கேமராவை மாட்டும் திருகைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உன் அவசரம் எனக்குத் தெரியும். அது கால் அங்குலத் திருகு, அங்குலத்துக்கு 20 மரை. வீட்டில் கிடக்கும் 6 மி.மீ. போல்ட் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், உள்ளேயும் போகும், இரண்டு சுற்றில் மரையைத் தின்றுவிடும். சரியான போல்ட்டாகவே இருந்தாலும் தகட்டுக்கு மேலே 5 மி.மீ.க்கு மேல் நீட்ட விடாதே. அதிகம் நீண்டால் கேமராவின் அடிவயிற்றைக் குத்தும். நீளமாக இருந்தால் வாஷர் போட்டுக் குறைத்துக்கொள். இப்போது என் கேமரா தகட்டிலிருந்து மூன்று விரற்கடை உயரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. நெளிவு போயே போச்சு.

நாய் பார்க்கிற ரோடு என்றதற்கு என்ன செய்வது? போனட்டில் வைத்தால் அப்படித்தான் தெரியும். பஸ் ஓட்டுநரின் கண் எவ்வளவு உயரம்! அந்த உயரம் எந்தக் காருக்கும் வராது, ஆனால் கூரைக்குப் போனால் கொஞ்சம் பக்கத்தில் வரலாம். கூரையின் நடுவில் ஒட்டாதே, அங்கே தகடு மெல்லிசு, கையால் அழுத்தினாலே 'டொங்' என்று உள்வாங்கும். முன்கண்ணாடிக்கு நேர்மேலே குறுக்குச் சட்டம் ஓடும் இடம் கெட்டி. முதலில் தண்ணீர் ஊற்றி மண் போகக் கழுவி, பிறகு பிசுக்கு எடுக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடை. பாலிஷ் போட்ட வண்டியில் கப் வழுக்கும், தூசி இருந்தால் பெயின்ட்டை அரைக்கும். மறுபெயின்ட் அடித்த இடம் என்றால் தொடவே தொடாதே, கப்போடு பெயின்ட்டும் வந்தால் என்னைத் திட்டாதே. விளிம்பில் ஈரவிரலால் ஒரு சுற்றுத் தடவினால் கசிவு குறைகிறது. ராத்திரி கப்புகளைத் தரையில் ஒட்டியே விட்டுவிடாதே, விளிம்பு அப்படியே வளைந்து நின்றுவிடும்.

வண்டியில் ஏற்றுவதற்கு முன் வீட்டு ஜன்னல் கண்ணாடியில் ஒவ்வொரு கப்பாக ஒட்டி, 5 லிட்டர் தண்ணீர் கேனைத் தொங்கவிட்டு, கீழே தலையணை போட்டுவிட்டுத் தூங்கப்போனேன். முதல் ராத்திரி மூன்றில் ஒன்று விழுந்துவிட்டது. காலையில் விளிம்பைத் தடவிப் பார்த்தால் மயிரிழை மாதிரி ஒரு வெட்டு. அதை மாற்றினேன்.

கயிறு இரண்டு. ஒன்று தகட்டுக்கு, ஒன்று கேமராவுக்குத் தனியாக. ஒரு பக்கக் கதவு வழியே உள்ளே இறக்கி, மறுபக்கக் கதவு வழியே வெளியே எடுத்து முடிச்சுப் போட்டு, கதவுகளைச் சாத்திவிடு. கூரை ஓரத்தைத் தாண்டித் தொங்க முடியாத அளவுக்குக் குட்டையாக இருக்கட்டும். என் கேமராவாவது போகட்டும், பின்னால் பைக்கில் வருகிறவன் என்ன பாவம் செய்தான்? வண்டிக்கு வெளியே சாமான் மாட்ட உங்கள் பக்கத்தில் தடை ஏதும் உண்டா என்றும் ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்.

சத்தம்தான் எல்லாவற்றையும்விடச் சுலபமாகத் தீர்ந்தது. கூரைமேல் இருக்கும் மைக்கில் காற்றைத் தவிர வேறு எதுவும் பதியாது. அதனால் போனை ரெக்கார்டரில் போட்டு, துணியில் சுற்றி, கியருக்குப் பக்கத்தில் செருகிவிட்டேன். கிளம்பும்போது ஒரு ஹாரன். அந்த ஹாரன் இரண்டு பதிவிலும் கேட்கும், அதை வைத்துப் படத்தையும் சத்தத்தையும் பொருத்திக்கொண்டேன். இப்போது கிளட்சை மிதிப்பது, கியர் விழுவது, எஞ்சின் திணறுவது எல்லாம் அட்சரசுத்தமாகக் கேட்கிறது. என் ஓட்டுநர் லட்சணமும் சேர்ந்துதான்.

புதிய பதிவை இத்துடன் அனுப்புகிறேன். அடிவாரத்திலிருந்து உச்சிவரை 52 நிமிஷம், ஒரு இடத்திலும் வெட்டவில்லை. அப்பாவுக்கு ஹெட்போன் மாட்டிவிட்டுப் போடு. ஏழாவது கொண்டை ஊசி வளைவில் எனக்கு வண்டி உறுமி நின்றேவிட்டது. இரண்டாம் கியரிலேயே திருப்பப் பார்த்தது தப்பா, இல்லை வளைவுக்குள் அகலமாகப் போகாதது தப்பா என்று அவரிடம் கேட்டு எழுது. திட்டினால் அதையும் அப்படியே எழுது.

உன்,
பழைய பெஞ்சுக் கூட்டாளி